மணல்திட்டில் இரண்டு சம்பந்திகள்

பெண்ணின் அப்பாவுக்குச் சொந்தமாக ஓர் அச்சகம். பையனின் அப்பா முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் முடிந்து இரண்டு வருடமாகியும், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள். "நீங்க சொல்லுங்க சம்பந்தி", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. அவர்கள் மனைவிமாரோ கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே அக்கா தங்கையாகிவிட்டார்கள்.

அப்பாக்களைப் பார்த்துச் சலித்துப்போன பிள்ளைகள், நான்கு பேரையும் ஒரே கப்பலில் ஏற்றி ஆறு நாள் தீவுகளைச் சுற்றிவர அனுப்பினார்கள். பழைய காலத்து மாதிரியில் கட்டிய, மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல். விளம்பரத்தின் கடைசிப் பக்கத்தில், பயணிகளே பாய் ஏற்ற வேண்டும், கயிறு இழுக்க வேண்டும், தளம் கழுவ வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பிள்ளைகள் அதைப் படிக்கவில்லை. அச்சகக்காரர் படித்தார். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் மாப்பிள்ளை ஆசையாகச் செய்ததில் குறை சொன்னதாகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

முதல் நாள் காலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்ற ஓட்டுநரின் கையில் கேப்டன் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார். கேப்டன் ஐம்பது வயதுப் பெண்மணி. வெயில் பார்த்துப் பார்த்துக் கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும்.

"இது எதுக்கும்மா?"

"தளம் கழுவ, சார்."

"யாரு கழுவணும்?"

"நீங்கதான். அதுக்குத்தானே காசு கட்டி வந்திருக்கீங்க?"

ஓட்டுநர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி ஆகாயத்தைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் ஓட்டுநருக்குச் சுக்கான் பிடிக்கும் முறை வந்தது. ஆள் உயரச் சக்கரத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இது நம்ம வேலை என்று நெஞ்சை நிமிர்த்திப் பிடித்தார். திருப்பினார்; கப்பல் திரும்பவில்லை. இன்னும் திருப்பினார், அப்போதும் இல்லை. சலித்துப்போய் விட்ட பிறகு அது நிதானமாகத் திரும்ப ஆரம்பித்து, நிற்கவே மாட்டேன் என்றது. அவருடைய வலது கால் தன்னையறியாமல் தளத்தில் பிரேக்கைத் தேடி உதைத்துக்கொண்டிருந்தது.

"பிரமாதமா ஓட்டுறீங்க சம்பந்தி" என்றார் அச்சகக்காரர், கப்பல் வந்த வழியே போய்க்கொண்டிருந்தபோது.

மறுநாளைக்குள் மனைவிமார் இருவரும் ஏழு விதமான முடிச்சுப் போடக் கற்று, இடுப்பில் வார் கட்டிக்கொண்டு கயிற்றேணியில் பாதி மரம்வரை ஏறி இறங்கிவிட்டார்கள். கீழே கணவன்மார் ஒரே கயிற்றை வைத்துக்கொண்டு, யார் முதலில் இழுப்பது என்று உபசாரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள்தான் அந்த உபசாரம் கப்பலுக்கே வினையாயிற்று.

இரண்டு தீவுகளுக்கு நடுவே குறுகலான ஒரு வழி. இரு பக்கமும் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அடியில் மணல் தெரிந்தது. நடுவழியில் கப்பலை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். கேப்டன் குரல் கொடுத்ததும் முன்பாயின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டியது சம்பந்திகளின் பொறுப்பு.

"அவிழுங்க" என்றார் கேப்டன்.

"நீங்க அவிழுங்க சம்பந்தி" என்றார் ஓட்டுநர்.

"சேச்சே, பெரியவங்க நீங்க இருக்கும்போது நானா?"

"வயசுல உங்களைவிட நாலு மாசம் சின்னவன் நான்."

"இருந்தாலும் பையன் வீட்டுக்காரங்க."

அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அவிழாத பாய் காற்றைத் தவறான பக்கம் வாங்கிக்கொள்ள, கப்பல் பாதி திரும்பி, யோசித்து, பக்கவாட்டில் நழுவி, மெத்தையில் உட்காருவதுபோல மணல்திட்டில் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. சமையலறையில் ஒரு கிண்ணம் மட்டும் உருண்டது.

கேப்டன் கத்தவில்லை. இருவர் முன்னாலும் வந்து நின்று, "ரெண்டு மணி நேரத்துல தண்ணி ஏறும். அப்ப கப்பலை இழுத்து வெளிய எடுக்கணும். தள்ளுற கட்டைகள்ல முதல் கட்டை உங்க ரெண்டு பேருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மாலுமிகள் நங்கூரத்தைப் படகில் வைத்து ஆழமான இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். அதன் கயிறு, தளத்தில் செக்கு மாதிரி நின்ற மர உருளையில் சுற்றியிருந்தது. உருளையில் கட்டைகளைச் செருகி எல்லோரும் சுற்றித் தள்ளினால் கயிறு சுருளும்; கப்பல் நங்கூரத்தை நோக்கி நகரும்.

தள்ள ஆரம்பித்தார்கள். பத்துச் சுற்று வரை பேச்சில்லை. பதினோராவது சுற்றில் ஓட்டுநருக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் சம்பந்தி தள்ளாமல் சும்மா நடந்து வருவதுபோல் பட்டது.

"யோவ் சம்பந்தி, தள்ளுய்யா" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த இரு மனைவிமாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அச்சகக்காரருக்கு முகம் சிவந்தது. "நான் தள்ளிக்கிட்டுத்தான்யா இருக்கேன். நீர்தான் ஸ்டியரிங் மேல சாஞ்ச மாதிரி சாஞ்சிருக்கீர்."

"நானா? முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டின உடம்பு இது. கல்யாணப் பத்திரிகைல என்ன போட்டீங்க? 'ஓய்வு பெற்ற ஒட்டுநர்.' ஓவன்னாவுக்குச் சுழி போடாம விட்டுட்டீங்க. நான் என்ன சுவத்துல போஸ்டர் ஒட்டினவனா?"

அச்சகக்காரர் நின்றுவிட்டார். "நிக்காதீங்க" என்று கேப்டன் சொல்லவும் மறுபடி தள்ளினார். நாலடி நடந்த பிறகு குரல் இறங்கி வந்தது.

"எண்ணூறு பத்திரிகையும் அடிச்சப்புறம்தான் பார்த்தேன். மூணு நாள் தூக்கமில்ல. நீங்க கவனிக்கலைன்னு நினைச்சேன்."

"என் டிப்போவே கவனிச்சுது. இன்னைக்கும் பசை வாங்கிட்டீங்களான்னு கேக்குறானுங்க."

அச்சகக்காரருக்குச் சிரிப்பு வந்தது. வந்த கோபத்தில் அதை விழுங்கினார். "நீங்க மட்டும் என்னவாம்? எங்க ஆளுங்களை ஏத்திட்டு வரேன்னு வீறாப்பா பஸ்ஸை எடுத்தீங்க. எங்க அக்காவை பெட்ரோல் பங்க்லயே விட்டுட்டீங்க. முகூர்த்தம் முடிஞ்சப்புறம் லாரில வந்து இறங்குனாங்க."

"தலையை எண்ணினேன். நாப்பத்திரண்டு. சரியா இருந்துச்சு."

"அக்கா இல்லாம எப்படிய்யா சரியா இருக்கும்?"

ஓட்டுநர் அரைச் சுற்று வேகமாகத் தள்ளினார். பிறகு, "வேற ஒருத்தர் ஏறி உட்கார்ந்திருந்தார்" என்றார். "பழுப்புச் சட்டை, பெரிய மீசை. உங்க ஒன்னுவிட்ட அண்ணன்னு நினைச்சுட்டேன்."

"பெரிய மீசையா? நாங்க அவரை உங்க சித்தப்பான்னு நினைச்சோம். முதல் வரிசைல உட்கார வச்சு, ரெண்டாவது தடவையும் சாப்பிடச் சொன்னேனே."

"குடும்ப போட்டோல நடுவுல நிக்கிறார்" என்றார் ஓட்டுநரின் மனைவி, பின்னாலிருந்து. "பெருசு பண்ணி ஹால்ல மாட்டியிருக்கோம்."

"எங்க வீட்லயும்தான். தினம் துடைக்கிறேன்" என்றார் அச்சகக்காரரின் மனைவி.

முதலில் ஓட்டுநர்தான் சிரித்தார். அடக்க முடியாமல் கட்டைமேல் கவிழ்ந்தார். அச்சகக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்மேல் சாய்ந்தார். இரண்டு பேர் பாரமும் ஒரே கட்டையில் விழ, மற்றவர்களும் சேர்ந்து அழுத்த, அடியில் மணல் கரகரவென்று முனகிற்று. கப்பல் ஒருமுறை குலுங்கி, தண்ணீரில் எழும்பியது.

அதற்குப் பிறகு அவர்கள் வாய் மூடவே இல்லை. கயிற்றை எவ்வளவு இறுக்குவது, தளத்தை எந்த மூலையிலிருந்து கழுவுவது, தூரத்தில் தெரிவது தீவா மேகமா, எல்லாவற்றுக்கும் வாக்குவாதம். கேப்டன் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள், "இழுய்யா", "நீர் விடும்யா" என்று வேலை நடந்துவிடும். மற்ற பயணிகள் இவர்கள் கூடப்பிறந்தவர்கள் என்றே நினைத்தார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு தீவின் அருகே சிக்னல் கிடைத்தது. மகள் அம்மாவைக் கூப்பிட்டாள். பின்னணியில் கேட்ட சத்தத்தில் அவளுக்குத் திக்கென்றது.

"அம்மா, அங்க யாரு சண்டை போடுறது?"

"உங்கப்பாவும் உன் மாமனாரும்தான்."

"ஐயோ, எதுக்கும்மா?"

அம்மா எட்டிப் பார்த்தாள். படகைத் தாங்களே ஓட்டுவதாகச் சொல்லி இறங்கிய இருவரும், எதிரெதிர்ப் பக்கம் துடுப்புப் போட்டு, கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குன்னு அவங்களுக்கே தெரியாது. நீ போனை வை, நாங்க ரெண்டு பேரும் நீந்தப் போறோம்."