கணினியும் என் வலது கையும்

காகித ஆலையில் ஈரக் காகிதத்தை உலர்த்தும் நீராவியைக் கவனித்துக்கொள்ள ஒரு கணினியைப் பொருத்தினேன். அடுத்து வரும் காகிதத்தில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அது வால்வைத் திறக்கும், மூடும். கணிப்பு தப்பினால், ஓட்டத்தின் நடுவிலேயே தன்னைத் திருத்திக்கொள்ளும். "இனிமே யாரும் எதையும் தொடக் கூடாது" என்று கூட்டம் போட்டுச் சொன்னேன். அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

தடித்த காகிதம் வந்தால் கணினி நீராவியைக் கூட்டும். இவ்வளவு வேண்டாமே என்று எனக்குத் தோன்றும். நைசாக இயந்திரத்தின் பின்பக்கம் போய், நீராவிக் குழாயிலிருந்த கைத்திருகைக் கொஞ்சம் மூடிவிட்டு வருவேன். காகிதம் அருமையாக வரும். எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மகளைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. "ஒரு நாள் நீங்க இல்லேன்னா ஆலை நின்னுடுமா?" என்றாள் மனைவி. மருத்துவர் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே ஃபோன் வந்தது. ஆலை நின்றுவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூட வந்திருந்த மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினேன்.

காகிதம் சருகாகக் காய்ந்து, கிழிந்து கிடந்தது. திரையில் பழைய கணக்குகளைப் பார்த்ததும் வியர்த்தது. தடித்த காகிதம் வந்தால் நீராவி எங்கேயோ குறைந்துபோகிறது என்று கணினி கற்றுவைத்திருந்தது. அதை ஈடுகட்ட வால்வை முன்கூட்டியே அகலத் திறந்திருக்கிறது. அன்று குறைப்பதற்குத்தான் ஆள் இல்லை.

மறுபடி ஓட்டினார்கள். என் கால்கள் தாமாகவே பின்பக்கம் போயின. திருகில் கை வைத்து நிமிர்ந்தால், எதிரே மேலாளர். என்னைவிட வயதில் சின்னவர்.

"என்ன சார் பண்றீங்க?"

"சும்மா மேடம்... இறுக்கமா இருக்கான்னு..."

"தினமும் இப்படித்தான் பார்ப்பீங்களா?"

தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கு சார். ஆனா காகிதத்தை இல்ல, உங்களை!"

திருகை முழுதாகத் திறந்துவிட்டு, என்னைக் கண்ணாடி அறையில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். காகிதம் முதலில் முறுகியது, பிறகு ஈரத்தில் நைந்தது. நான் எழும்போதெல்லாம், "உக்காருங்க சார், அது கத்துக்கட்டும்" என்றார். மெல்ல மெல்ல ஆட்டம் அடங்கி, மாலைக்குள் ஓட்டம் சீரானது. சும்மா உட்கார்ந்திருந்ததில் என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

மறுநாள் அந்தத் திருகின் பிடியைக் கழற்றிவிட்டார்கள். கழற்றச் சொன்னவன் நான்தான். என்னை நம்பி அதை அங்கே விட்டுவைக்க எனக்கே தைரியம் வரவில்லை.