இருக்கன்குடி மொட்டை

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த அன்று, தலையில் சந்தனம் காய்வதற்குள் அம்மா தெரு முழுக்கப் பிரசாதம் கொடுத்தாள். என் கல்யாணம் கூடிவந்ததற்கு வேண்டுதல் என்றாள். மதுரை ஆஸ்பத்திரியில் மார்புப் புற்றுக்கு முதல் ஊசி போட்டபின் அவள் தலையணையில் கொத்துக் கொத்தாக முடி கிடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பெண்கள் தலையில் துணி கட்டித்தான் திரி செருகுவார்கள். அங்கேயும் யாரும் சந்தேகப்படவில்லை. தாய்க்கு அந்த நோய் என்றால் மகளுக்கும் வரும் என்று தாயில்பட்டியில் ஒரு சம்பந்தம் முறிந்ததை அம்மா பார்த்திருந்தாள்.

ஒரு மொட்டை எத்தனை மாதம் மொட்டையாகவே இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

முகூர்த்தப் பட்டு எடுக்கப் போன இடத்தில், மாப்பிள்ளையின் அம்மா பத்திரகாளி அத்தை விளையாட்டாக அம்மாவின் முக்காட்டை விலக்கினார். “என்ன மதினி, இன்னும் ஒரு முடிகூட முளைக்கல? ஆத்தாகிட்ட வாராவாரம் வேண்டிக்கிறீகளோ?”

“ஆத்தா வேரோட வாங்கிக்கிட்டா மதினி.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தையின் கண் மட்டும் அந்தத் தலையிலேயே நின்றது.

அடுத்த ஊசிக்கு அம்மா கிளம்பவில்லை.

“பாதி ஊசி பாக்கி இருக்கும்மா. நடுவுல விட்டா கட்டி திரும்ப வந்துரும்னு டாக்டர் சொன்னாகல்ல?”

“மொதல்ல முடி வரட்டும். ஒன் கல்யாணம் முடிஞ்சதும் மிச்சத்தப் போட்டுக்கிறேன், ஸ்ரீமதி.”

“கல்யாணமே வேண்டாம். அவுககிட்டச் சொல்லிப்பிடுறேன்.”

போனை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அலுமினியப் பொடி ஏறிய விரல்கள். ஊசி மருந்தில் மரத்துப்போயிருந்ததால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“சொல்லு. சொல்லிட்டேன்னா அப்புறம் எனக்கு ஊசி எதுக்கு?”

மதுரை பஸ் ஆரன் அடித்துக்கொண்டே தெருமுனையைத் தாண்டிப் போனது.

முடி வந்தது. பிறந்த பிள்ளைக்கு வருவதுபோல மெல்லியதாக. பிறகு, அம்மாவுக்கு எப்போதும் இல்லாத சுருளுடன். காலையில் கண்ணாடி முன் நின்று தடவிப் பார்த்துச் சிரிப்பாள். நான் விட்டுப்போன ஊசிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். கல்யாணத்தன்று கிளிப் போட்டு மல்லிகை வைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. மறுவீடு முடிந்த கையோடு மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஈரல்வரை போய்விட்டது, இந்த உடம்பு இனி ஊசியைத் தாங்காது என்றார்கள்.

தீபாவளி ஆர்டருக்கு லோடு ஏறிக்கொண்டிருந்த வாரத்தில் அம்மா போனாள். குளிப்பாட்டுமுன் சொந்தப் பெண்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்தார்கள். பத்திரகாளி அத்தை உள்ளங்கை நிறைய எண்ணெய் தேய்த்துவிட்டு அழுதார். “எம்புட்டு அடர்த்தியா வளந்திருக்கு, பாருங்களேன்.”

என் முறை வந்தது. எண்ணெயில் நனைந்த ஒரு சுருள் என் விரலைச் சுற்றிக்கொண்டது. பின்னால் பெண்கள் கிண்ணங்களோடு காத்திருந்தார்கள். விரலை உருவ முடியாமல் குனிந்தபடியே நின்றேன்.