ரமணி மேல வச்ச விரல்

1.
இந்தக் கதை எங்கேர்ந்து வந்துச்சின்னு மறைக்காம சொல்லிடறேன். போன்ல பேரன் படத்துக்கு சிரிப்பு மூஞ்சி போடப் போனேன். அந்த நொடி பார்த்து புது மெசேஜ் வந்து லிஸ்ட் நகர்ந்துச்சி. சிரிப்பு நாகையா அண்ணனோட சாவு அறிவிப்புல விழுந்துச்சி. அவரு மக இன்னும் என்கிட்ட பேசல. ஏன்தான் இது நகருதுன்னு அடுத்த வீட்டு குமுதாவ கேட்டேன். ஆப் செய்யற பொண்ணு.

"ஐயோ ஆன்டி, நானே அதுல மாட்டினவதான்லா!"

2.
குமுதாவோட பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் ஜன்னல்ல மழைத்துளிகள்... (வேணாம். அன்னைக்கு நல்ல வெயிலு.)

குமுதாவோட ஆப், டயாலிசிஸ் போறவங்களுக்கு கார் புடிச்சிக் குடுக்கும். கூப்பிட்டவங்க பேரு வரிசையா நிக்கும். புதுப் பேரு வந்தா உச்சியில ஏறும், மத்த பேரெல்லாம் ஒரு படி எறங்கும். டிரைவர் எந்தப் பேர அமுக்குறாரோ, அவங்க வீட்டுக்கு வழி காட்டும்.

3.
(இது மொதல்ல ரெண்டாவதா இருந்துச்சி. மேல ஆப் பத்தி சேர்த்தேன், கீழ எறங்கிடுச்சி. ரமணியும் இப்படித்தான் எறங்குனா.)

கிள்ளான் ரமணிக்கு பன்னெண்டு மணிக்கு டயாலிசிஸ் மெஷின். தவறினா ரெண்டு நாள் கழிச்சிதான் அடுத்த இடம். டிரைவர் வாசு அவ பேருமேல விரல வைக்கறாரு, உச்சியில புதுப் பேரு ஏறுது. ரமணி எடத்துல இப்ப சபாபதி.

பதினொன்னே காலுக்கு வாசு போன் பண்றாரு.

"குமுதாம்மா, ரமணியதான் அமுக்கினேன். போன் வேற ஊரு, சுங்கை பூலோவுல ஒரு பெரியவரு வீட்டுல கொண்டாந்து விட்டுருச்சி!"

"அண்ணே, இங்க சபாபதின்னுல்ல இருக்கு..."

பின்னால ஒரு குரல்: "ரமணி யாருய்யா? கார் எனக்குத்தான! சட்டையெல்லாம் மாட்டிட்டேன்!"*

ஆப் ஆள புடிக்கல, ரமணி நின்ன மூணாவது எடத்தப் புடிச்சிருக்கு. ஆப்ப அப்படி எழுதினது குமுதாதான்.

டொங். ரமணி மெசேஜ்: "கீழ எறங்கி நிக்கறேன்மா. என்ன கலர் காரு?"

குமுதா தன் கார் சாவிய எடுத்தா. இன்னொரு கையால ரமணி பேர அமுக்கப் போனா. உச்சியில இன்னொரு புதுப் பேரு...

* சட்டை நான் போட்டது. குமுதா சொல்லல.

4.
பதினொன்னு அம்பத்தெட்டுக்கு ரமணி மெஷினுக்கு வந்துட்டதா ஒரு முடிவு எழுதினேன். ஹைவே ஜேம், மெஷின் வேற ஆளுக்குப் போச்சின்னு இன்னொண்ணு. ரெண்டையும் அழிச்சிட்டேன்.

அதுக்கப்புறம் குமுதா ஆப்ப மாத்திட்டா. ஒவ்வொரு பேருக்கும் சொந்தமா ஒரு அடையாளம். விரல் ஒரு பேருமேல இருக்கற வரைக்கும் லிஸ்ட் அசையாது, புதுசா வர்றது மேலயே காத்துக் கெடக்கும்.

நானும் அப்படித்தான். படிக்கற உங்க விரல் இப்ப ரமணி மேல இருக்கு. நீங்க அமுக்கற வரைக்கும் நான் ஒரு வரியும் சேர்க்கமாட்டேன்.