ஓதமில்லாத அறை

மேஸ்திரியின் காலில் யாரோ வெந்நீரைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். மலையடிவாரத்தில் மனைவியோடு பேருந்தைவிட்டு இறங்கிய மனிதர் ஒரு நிமிடம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பையைத் தோளில் மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். கட்டிய காலத்திலிருந்து அசையாத அரண்மனை உச்சியில் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று பேச்சு. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் பார்த்தார்.

பேச்சு அப்படி, விஷயம் வேறு. அது இருவருக்குமே தெரியும். அரண்மனை மதிலை ஒட்டி, ஊரின் கடைசி வீட்டைக் குத்தகைக்கு எடுத்து நான்கு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள் அவர்களுடைய ஒரே மகள். அவளும் அப்பாவும் பேசி நான்கு வருடமாகிறது. அம்மாவுக்கு மட்டும் வாரம் ஒருமுறை போன் வரும். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வாசலுக்குப் போய்விடுவார், ஆனால் கதவைச் சாத்த மாட்டார். அந்த அரண்மனையைப் பார்த்துவிட்டு வரலாமா என்று வீட்டுக்காரி ஒருநாள் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். வந்தால் போச்சு என்று இவரும் சும்மா சொல்வதுபோலச் சொன்னார். எங்கே தங்குவது என்ற பேச்சை மட்டும் இருவரும் தொடவில்லை. கூட்டம் நெரிகிற மாதத்தில் அறை பதிவு செய்யாமல் மலையேறுகிற தைரியம் வேறு யாருக்கு வரும்!

மேஸ்திரி கட்டுகிற மேஸ்திரி அல்ல, ஒழுகல் மேஸ்திரி. மற்றவர்கள் கட்டிவிட்டுப் போவார்கள். பிறகு எந்தத் தளம் ஒழுகினாலும், எந்தச் சுவரில் ஓதம் ஏறி ஈரம் பூத்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவார். மகள் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராக வேலை நடக்கும் இடத்துக்குத்தான் வருவாள். வளர்ந்ததும் கூடவே தொழிலில் இறங்கிவிட்டாள். வேலையாட்கள் அவளைச் சின்ன மேஸ்திரி என்று கூப்பிடும்போது இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அப்புறம்தான் அந்த மொட்டை மாடி வந்து தொலைந்தது. தளம் போட்டு முடித்து, வீட்டுச் சொந்தக்காரரை மேலே கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. வாட்டம் தப்பு என்றாள் மகள். மழைத்தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடுவதற்காகக் கொடுக்கிற சரிவுதான் வாட்டம். சொன்னதோடு விட்டாளா? ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியும் காட்டினாள். தண்ணீர் குழாயை விட்டுவிட்டு எதிர் மூலையில் போய்த் தேங்கியது. நாலு பேர் முன்னால் மேஸ்திரிக்கு முகம் செத்துப்போனது. நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார். அவள் வரவில்லை. இரண்டே வாரத்தில் வீட்டையும் விட்டுக் கிளம்பிவிட்டாள். அப்பனுக்குக் கொஞ்சமும் இளைக்காத பிடிவாதம்.

அந்த வருட மழையில் அதே மூலையில்தான் ஒழுகியது. மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்த் தளத்தை உடைத்துத் திரும்பப் போட்டுவிட்டு வந்தார். சட்டையெல்லாம் சிமென்ட். வீட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் துவைத்துப் போட்டாள். நீ சொன்னதுதான் சரி என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நான்கு வருடமாகத் தொண்டையிலேயே நின்றது.

ஊருக்கு ஒரே தெரு. அரண்மனை வரைக்கும் படிப்படியாக ஏறுகிறது, இரண்டு பக்கமும் தங்கும் விடுதிகள். முதல் விடுதி கண்ணாடியும் பளபளப்புமாக இருந்தது. அங்கிருந்த பெண் அறையைத் திறந்து, திரையை விலக்கி, ஜன்னல் நிறைய அரண்மனையைக் காட்டினாள். மேஸ்திரி அரண்மனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைத் தட்டினார். பொத்துப் பொத்தென்று சத்தம் வந்தது. பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்துவிட்டது, இது ஆகாது என்று வெளியே வந்துவிட்டார்.

இரண்டாவது, யாரோ மந்திரி குடியிருந்த வீடாம். விடுதிக்காரர் அந்த மந்திரியின் பெருமையை அளந்துகொண்டிருக்கும்போதே மேஸ்திரி அங்கிருந்த அலமாரியை நகர்த்த ஆரம்பித்துவிட்டார். அடுத்தவர் வீட்டு அலமாரியை! வீட்டுக்காரிக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்க உப்புப் பூத்திருந்தது. இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்றார் விடுதிக்காரர்.

"ரெண்டு நாளா? சுவர் மாசத்துக்கு ஒரு அங்குலம்தாங்க காயும். உங்க சுவர் பதினெட்டு அங்குலம். ஒன்றரை வருஷம் கழிச்சு வர்றோம்."

மந்திரியே இந்த அறையைக் குறை சொன்னதில்லை என்று விடுதிக்காரர் முறுக்கிக்கொண்டார். வழக்கமாக என்றால் மேஸ்திரி அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். ஆனால் மாசத்துக்கு ஒரு அங்குலம் என்று வாயில் வந்ததுமே அவருக்குப் பேச்சு அடங்கிவிட்டது. மகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. ஒன்பது அங்குலச் சுவர் என்று இவர் சொன்னால் ஒன்பது மாசம் என்று அவள் கத்துவாள்.

மூன்றாவது விடுதி இன்னும் நாற்பது படி மேலே. அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டார். சுவர் எலும்பாகக் காய்ந்திருந்தது. கூரையில் ஒரு கறை இல்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார். ஓட வேண்டிய பக்கம் ஒழுங்காக ஓடியது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார். இரண்டு தரம் சுற்றி வந்தார். போதுமா, பையை வைக்கட்டுமா என்று கேட்டாள் வீட்டுக்காரி. வேண்டாம் என்றார்.

"இதுல என்ன குறை?"

"குறையே இல்லையே. அதான் சந்தேகமா இருக்கு."

வீட்டுக்காரி வெளியே வந்தாள். தெருப்படியில் தன் பையை வைத்தாள், பக்கத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். வெயில் நடுமண்டையில் இருந்தது.

"கீழேருந்து பாக்குறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு குறை சொல்றீங்க, ஒவ்வொரு தடவையும் மேலதான் ஏறுறீங்க. கீழ பாத்து ஒரு படி எறங்கல. இதுக்கு மேல ஒரே ஒரு வீடுதான் இருக்கு. நான் இங்கேயே இருக்கேன். போய் இடம் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க."

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முப்பது வருடம் சுவரைத் தட்டி உள்ளே இருப்பதைச் சொன்ன மனிதரை, அவள் தட்டாமலே பார்த்துவிட்டாள். அவர் தனியாக ஏறினார்.

பயம்தான், வேறென்ன? இடமில்லை என்று மகள் சொல்லிவிட்டால்? நான்கு வருடம் கழித்து வாசலில் நிற்கிற அப்பனை அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லையா? அவர்தானே முதலில் வராதே என்றவர். பாதிப் படியில் திரும்பிவிடலாமா என்று நின்றார். கால் கேட்கவில்லை.

கதவு திறந்தே இருந்தது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை சுண்ணாம்புத் தூசியோடு மகள் வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"ரூம் இருக்கா?" என்றார் மேஸ்திரி.

அவள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா எங்கே என்று கேட்டாள். படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். மகள் தலையாட்டினாள். மூன்று அறையில் ஆள் இருக்கிறது, நாலாவதை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை, சுவர் ஈரம் என்றாள். எந்த விருந்தாளிக்கும் சொல்கிற குரலிலேயே சொன்னாள். பார்க்கலாமா என்று கேட்டார். வழிவிட்டாள்.

அவர் அன்று பார்த்ததிலேயே மோசமான அறை அதுதான். பின்சுவரை மலைமண் அணைத்துக்கொண்டு நின்றது. தொட்டால் உள்ளங்கை நனைந்தது. ஆனால் மார்பு உயரம் வரைக்கும் பழைய சிமென்ட் பூச்சு சுத்தமாக உரிக்கப்பட்டிருந்தது, உள்ளே இருந்த கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஓரம் சிதையாமல், ஒரு கல்லுக்கும் அடி படாமல் உரித்திருந்தாள். மேஸ்திரி அதை விரலால் தடவிக்கொண்டே போனார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்த மாடில வாட்டம் தப்புதான்மா. நீ தண்ணி ஊத்துன மூலைலயேதான் ஒழுகுச்சு. நான்தான் போய் உடைச்சுப் போட்டேன்."

உரித்த ஓரத்தை மறுபடி தடவினார்.

"இப்ப ஒழுகலையே?" என்றாள் மகள்.

"இல்ல."

அவள் வெளியே போனாள். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் விருந்தாளிகள் பதிவேடு இருந்தது. பெயர், ஊர் எல்லாம் அவளே எழுதினாள், அதற்கு அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"எத்தனை நாள் தங்குவீங்க?"

மேஸ்திரி பையைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அது கீழே இறங்கியது.

"சுவர் காயிற வரைக்கும்னு எழுது."

அவள் எழுதவில்லை. ஜன்னலருகே போய், சுவரின் கனத்தைச் சாணால் அளந்தாள். அளக்கத் தேவையே இல்லை, அந்த வீட்டில் அவள் அளக்காத சுவர் கிடையாது.

"இது ரெண்டடிச் சுவருப்பா, இருபத்துநாலு அங்குலம்" என்றாள்.

"தெரியும். உள்ள வரும்போதே பாத்துட்டேன்."

பேனாவையும் பதிவேட்டையும் அவர் கையில் திணித்துவிட்டு, அம்மாவைக் கூட்டிவர அவள் படியிறங்கி ஓடினாள்.