முதுகுப் பக்கத்துப் படம்

பெரியவரை இடப்பக்கமாகச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, ஆயா காகித அளவுகோலைப் படுக்கைப்புண்ணின் ஓரத்தில் வைத்தாள். இரண்டரை சென்டிமீட்டர். முதியோர் இல்லத்துக்கு வந்த அன்று நாலு இருந்தது.

"ஆறுதுங்கய்யா. இன்னும் கொஞ்ச நாள்ல சம்மணம் போட்டே உக்காரலாம்."

பெரியவர் கண்ணை மூடியபடி சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் அலுவலக அறை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அங்கே பெரியவரின் மகள் அழுது சிவந்த கண்ணோடு நின்றிருந்தார். மேலாளர் அம்மா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப இடது இடுப்புலதான் புண்ணுன்னு பதிவாகியிருக்கு. இப்ப வலதுல புதுசா வந்திருக்கு. ரெண்டு மணிக்கொரு தடவ புரட்டிப் போடச் சொன்னா நீ என்ன பண்ணிட்டிருந்த? நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

ஆயா மேசைமேல் கையை ஊன்றினாள். பன்னிரண்டு நாளாக ஒரு வேளை தவறாமல் புரட்டிய கை அது.

"வந்த அன்னிக்கு நான் குறிச்ச தாளை எடுங்க மேடம்."

கோப்பிலிருந்து தாள் வந்தது. ஒரு மனித உருவத்தின் கோட்டுப்படம். அதன் இடுப்பில், வலது ஓரமாக, அவள் போட்ட வட்டம். அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றியவள், மேலாளர் பக்கத்தில் நின்ற நர்ஸ்.

"நமக்கு வலது பக்கம்னா, எதிர்ல நிக்கிற ஆளுக்கு இடதுதானே? அப்படித்தான் ஏத்தினேன்," என்றாள் அவள்.

"எதிர்ல நிக்கிற ஆளா?" ஆயா தாளைக் கையில் எடுத்தாள். "மேடம், கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

மேலாளர் என்ன நினைத்தாரோ, திரும்பி நின்றார். ஆயா தாளை அவர் முதுகோடு ஒட்டிப் பிடித்தாள்.

"இந்தப் படத்துக்குக் கண்ணு மூக்கு எங்கயாவது இருக்கா? இது முதுகு. வட்டம் எந்தப் பக்கம், நீங்களே சொல்லுங்கக்கா."

மகள் மேலாளரின் இடுப்பை விரலால் தொட்டார். "வலது. அப்பாவுக்கு இருக்கிற அதே இடம்."

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கீழயும் எழுதியிருக்கேன். அன்னிக்கு நாலு. இன்னிக்கு ரெண்டரை."

மகள் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயாவுக்குத் தான் ஒரு சாண் வளர்ந்துவிட்டாற்போல இருந்தது.

"சரி சரி, போய் வேலையப் பாரு," என்றார் மேலாளர்.

"திருத்தின தாளைப் பாத்துட்டுப் போறேன் மேடம்."

அச்சாகி வந்தது. வலது இடுப்பு, புண் ஆறுகிறது. அடியில் கையெழுத்துக்கு இரண்டு கட்டங்கள்: ஒன்று நர்ஸுக்கு, ஒன்று மேலாளருக்கு. இருவரும் போட்டார்கள். ஆயா அதே பேனாவை வாங்கி, கட்டங்களுக்கு வெளியே, தாளின் வெற்று ஓரத்தில், தன் பேரை முழுசாக எழுதினாள்.