சக்கரவர்த்தி வாசலுக்கு நடந்து வந்தவை

1994 ஆடி மாதம் ஆரணியில், அருணகிரி மகன் பாலுவின் சைக்கிள் ஸ்டாண்டைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு கிளம்பி, நாலு வீடு தள்ளியிருந்த சக்கரவர்த்தியின் வாசலில் போய் நின்றது. சக்கரவர்த்திக்குப் பதின்மூன்று வயது. அம்மா இறந்துவிட்டாள், அப்பா எப்போதாவது வீட்டுக்கு வருகிறவர். எதைப் பார்த்து அவன் பொறாமைப்பட்டாலும் அது அவனைத் தேடி வந்தது. கைக்கடிகாரம், கிரிக்கெட் மட்டை, ஒருமுறை ஆவி பறக்க ஓர் இட்லிப் பானை. அவை நடந்து போனதைத் தெருவே பார்த்தது. இருந்தும் திருட்டு என்றுதான் போலீசில் எழுதிக் கொடுத்தோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு வயிற்றெரிச்சல். நாங்களும் ஆயுசு முழுக்க அடுத்த வீட்டைப் பார்த்து ஏங்கியவர்கள்தான். ஒரு டம்ளர்கூட எங்களிடம் வந்ததில்லை.

ஐந்தாவது புகாரோடு பையனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதென்று முடிவானது. அவன் போனால் தெரு சுத்தமாகிவிடும் என்று பேசிக்கொண்டோம். அவனைக் கூட்டிப்போக ஏட்டு வரவிருந்த காலையில், சைக்கிள் மறுபடி ஓடாதிருக்க, அருணகிரி அதைத் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பட்டு இழைகளின், அதாவது பாவின், முனையோடு கட்டினார். நெசவாளிக்குத்தான் இந்தத் தவறு வரும். நீட்டிய பாவைத் தாண்டக் கூடாதென்று எங்கள் தெருவில் குடிகாரனுக்கும் தெரியும். பாவுக்குச் சைக்கிளும் மரியாதை கொடுக்குமென்று நினைத்துவிட்டார். சைக்கிள் பாவையும் இழுத்துக்கொண்டு சக்கரவர்த்தி வாசலுக்குப் போனது.

அவர் மனைவி கமலம் இழைகளைச் சுருட்டியபடியே பின்னால் நடந்தார். மறுமுனையில் சக்கரவர்த்தி, ஓர் இழையும் மண்ணில் படாமல் நெஞ்சுயரத்துக்கு ஏந்திக்கொண்டு நின்றிருந்தான். பாவுக்கு அந்தப் பக்கம் ஏட்டு, தாண்ட முடியாமல் பையனைக் கூப்பிட்டார்.

“அவன் கைய வுட்டா பாவு சிக்காயிடுங்க,” என்றார் கமலம். பிறகு பையனிடம், “சைக்கிள் மேல இன்னாடா அவ்ளோ ஆச?”

“சைக்கிள் மேல இல்ல, அத்த. பாலு ஏறுறப்ப நீங்க பின்னாலயே வந்துகினு ‘பாத்துப் போடா’ன்னு சொல்றீங்க.”

சுருட்டி முடிக்க மதியமானது. ஏட்டு பசியோடு திரும்பிவிட்டார். கமலம் பையனைச் சாப்பிட அழைத்துப் போனார். மறுநாள் நாங்கள் புகார்களைத் திரும்ப வாங்கினோம், வெட்கத்தோடும் கொஞ்சம் பொறாமையோடும்.

அதன்பின் அவன் அங்கேதான் சாப்பிட்டான், அங்கேதான் நெய்யக் கற்றான். எதுவும் அவனைத் தேடி நடக்கவில்லை. 2003இல் அவன் சொந்தத் தறி போட்ட அன்று, கமலம் முதல் கரண்டிக் குழம்பை அவனுக்கு ஊற்றினார். பாலு பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரவர்த்தியின் தட்டு மெல்ல நகர்ந்து பாலுவின் முன்னால் போய் நின்றது. கமலம் எழுந்து போய் இன்னொரு தட்டு எடுத்துவந்தார்.