புதன்கிழமை வட்டத்தில் ஒரு குடும்பக்காரன்

குருசுமுத்துவுக்குச் சிநேகிதர்கள் தேவை என்று முடிவு செய்தது டென்மார்க்கின் விபோர்க் கொம்யூனில், அதாவது நகரசபையில், இருந்த ஒரு பெண் உத்தியோகத்தர். அவன் அப்படி எதையும் கேட்டுப் போகவில்லை. 1988ஆம் ஆண்டு வசந்தத்தில் அவன் கேட்கப் போனது வழக்கமாகக் கேட்பதைத்தான்: மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் என்ன ஆயிற்று?

அவன் மன்னார், பேசாலைக்காரன். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தான். ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் ஒருமுறை பிடிபட்டு, அடி வாங்கி வெளியே வந்தபின் 1985இல் ஊரைவிட்டுக் கிளம்பியவன். டென்மார்க் அவனை அகதி என்று ஏற்றுக்கொண்டது. பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவனின் மனைவியும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் வந்து சேரலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். மேரிசெலினுக்கும், மகள் யூலியானாவுக்கும், மகன் ஸ்ரிபனுக்கும் விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

உத்தியோகத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முடிவு எடுக்கும் கோப்பன்ஹேகன் அலுவலகத்திலிருந்து அவருக்கும் பதில் வருவதில்லை. ஏதாவது செய்து அனுப்ப வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நகரத்தில் 'புதன்கிழமை வட்டம்' என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். தனியாக இருக்கும் பெரியவர்கள் ஒன்றுகூடி நடக்கப் போவார்கள், கோப்பி குடிப்பார்கள், படம் பார்ப்பார்கள். நீ கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் 'கட்டாயம்' வெறும் பேச்சு வழக்கு என்பது குருசுமுத்துவுக்கு அப்போது தெரியாது. போகாவிட்டால் மனைவியின் விண்ணப்பத்துக்குக் கேடு வரும் என்று பயந்து, அடுத்த புதன்கிழமை இஸ்திரி போட்ட சேட்டுடன் போய் நின்றான்.

வட்டத்தை நடத்தியவர் கியர்ஸ்டன், ஓய்வு பெற்ற ஆசிரியை. கழுத்தில் விசிலுடன்தான் நடைக்கு வருவார். ஹால்ட் ஏரியைச் சுற்றி நடந்தார்கள். டொல்லெரூப் குன்றுகளில் ஏறி இறங்கினார்கள். பெண்ட் என்று ஒரு பஸ் சாரதி, மனைவியைப் பிரிந்தவர், இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். இங்கர் என்று ஐம்பது கடந்த விதவை ஒருவர் இருந்தார். முழங்கால் வருத்தத்தால் எப்போதும் பின்னால் வருவார். குருசுமுத்துவும் மொழி தெரியாததால் பின்னால் வருகிறவன். அதனால் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பாடசாலையில் படித்ததைவிட அதிக டேனிஷ் அவன் இங்கரிடம்தான் படித்தான். பயத்தில் போனவன், பிறகு விரும்பியே போனான். யார் கேட்டாலும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் என்று சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது அவனுக்கு ஜூன் மாதத்தில்தான் விளங்கியது.

அருளப்பர் திருநாளுக்கு முதல் நாள் டென்மார்க் முழுவதும் வெளியில் நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடுவார்கள். பூசை கிடையாது, நெருப்பு மட்டும்தான். வட்டம் ஏரிக்கரையில் விருந்து வைத்தது. நீளமான மேசையில் ஆளாளின் பெயர் எழுதிய சிறு மட்டைகள். ஓர் ஆண், ஒரு பெண், ஓர் ஆண், ஒரு பெண் என்று ஒழுங்கு. குருசுமுத்துவுக்குப் பக்கத்தில் இங்கர். இறைச்சித் தட்டு வந்தபோது கியர்ஸ்டன் அவன் தோளருகே குனிந்து, இங்கர் நல்ல பெண், உன்னில் அவளுக்குப் பிரியம், யோசித்துப் பார் என்றார்.

அவன் பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்தான். தனக்கு மனைவி இருப்பதாக மெதுவாகச் சொன்னான்.

"தெரியும். ஆனால் அவர் இங்கே இல்லையே. மூன்று வருடம் ஒரு மனிதனுக்குப் பெரிய காலம். வாழ்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது" என்று கியர்ஸ்டன் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தத் தட்டலில் இருந்த இரக்கம்தான் அவனைச் சுட்டது. வைது பேசியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். அவன் எழும்பினான். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. மேசை முழுவதும் அவனைப் பார்த்தது. தெரிந்த டேனிஷ் எல்லாவற்றையும் திரட்டிப் பேசினான்.

"என்ர மனுசி செத்துப் போகேல்லை. என்னை விட்டிட்டுப் போகவும் இல்லை. பெட்டி கட்டி வைச்சுக்கொண்டு இருக்கிறா. உங்கட நாடு பதில் சொல்லாமல் வைச்சிருக்குது. வைச்சிருக்கிறதும் நீங்கள், எனக்கு வேற பொம்பிளை பாக்கிறதும் நீங்களோ?"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் பின்னேரம் இங்கர் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார். அவரும் கோபத்தில்தான் இருந்தார். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சந்தையில் மாட்டைக் கட்டுவது போல ஒருவன் பக்கத்தில் கொண்டுபோய்த் தன்னை இருத்தியதற்காகக் கியர்ஸ்டனுடன் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். தேநீர் குடித்து ஆறியபின், ஏன் பதில் வரவில்லை என்று கேட்டார். குருசுமுத்து தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். அவனோடு வேலை செய்யும் ஈரான்காரனின் மனைவி வந்துவிட்டாள். விபோர்க்கில் இருக்கும் தமிழர் ஒருவருக்கும் பதில் இல்லை.

இங்கர் நம்பவில்லை. இது டென்மார்க், இங்கே அப்படி நடக்காது, எங்கேயோ தவறியிருக்கும் என்றார். தானே கோப்பன்ஹேகனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பதாகச் சொல்லிப் போனார்.

பல நாள் தொலைபேசி எடுத்தார். ஒருவர் இன்னொருவரிடம் மாற்றிவிட்டார். கடைசியில் ஒருவன், வாய் தவறியோ சலிப்பிலோ, தமிழரின் விண்ணப்பங்களை இப்போது எடுப்பதில்லை, அவற்றை அடியில் வைக்கும்படி சொல்லியிருக்கிறார்கள் என்றான். எந்தச் சட்டத்தின்படி என்று இங்கர் கேட்டதும் தொடர்பு அறுந்துவிட்டது. இதைக் குருசுமுத்துவிடம் சொல்ல வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. ஐம்பது வருடமாக நான் பிறந்த நாட்டை வேறு ஏதோ என்று எண்ணியிருந்தேன் என்று மட்டும் சொன்னார்.

வட்டத்தின் வருடாந்தப் பயணம் செப்டெம்பரில் வந்தது. வாடகை பஸ்ஸில் கோப்பன்ஹேகன் போய், டிவோலிப் பூங்காவில் ஒரு நாள் கழித்துவிட்டுத் திரும்புவது. போகிற வழியில் அந்த அலுவலகத்துக்குப் போய் எல்லோருமாகக் கேட்போம் என்று இங்கர் சொன்னார். கியர்ஸ்டன் மறுத்தார். வட்டத்தில் அரசியல் கிடையாது, மனங்களைச் சேர்ப்பதற்குத்தான் இதைத் தொடங்கினேன், பிரிப்பதற்கு இல்லை என்றார். பஸ்ஸில் முழு வழியும் இதே வாக்குவாதம். நகரத்துக்குள் நுழைந்ததும் பெண்ட் யாரிடமும் கேளாமல் பஸ்ஸைத் திருப்பி, அந்த அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அன்று பஸ் ஓட்டியவர் அவர்தான். "இறங்குகிறவர்கள் இறங்குங்கள்" என்றார்.

பாதிப் பேர் இறங்கினார்கள். கியர்ஸ்டன் இருக்கையை விட்டு அசையவில்லை.

வாசல் மண்டபத்துக்கு ஓர் இளம் உத்தியோகத்தன் வந்தான். கழுத்துப் பட்டி, நல்ல மரியாதை. விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னான். எவ்வளவு காலம் என்று இங்கர் கேட்டார். சொல்ல முடியாது, இலங்கையில் நிலைமை அமைதியாகி வருவதாகக் கருதப்படுகிறது, பலர் திரும்பிப் போகவும் கூடும் என்றான்.

அமைதி என்ற சொல்லைக் கேட்டதும் குருசுமுத்துவுக்கு மனைவியின் குரல்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்தான் மேரிசெலின் மன்னார்ப் பட்டினத்துக் கடை ஒன்றிலிருந்து தொலைபேசியில் கதைத்திருந்தாள். ஊரில் சுற்றிவளைப்பு என்றும், பிள்ளைகளோடு கோயிலுக்குள் படுத்துக் கிடந்ததாகவும் சொல்லியிருந்தாள். அவன் உத்தியோகத்தனுக்கு முன்னால் போய் நின்றான்.

"என்ர மகளுக்கு வாற மார்கழியில பதினெட்டு வயசு. அதுக்குப் பிறகு அவளைப் பிள்ளை எண்டு எடுக்கமாட்டீங்கள். நான் போடேக்க அவளுக்குப் பதினாறு. ரெண்டு வருசமும் அவளின்ர பிழையில போகேல்லை. இது உங்களுக்குத் தெரியுமோ?"

உத்தியோகத்தன் தரையைப் பார்த்தான். ஒவ்வொன்றும் அதனதன் முறைப்படி எடுக்கப்படும் என்றான். ஈரான்காரனுக்கு முறை வந்ததே, அது எப்படி என்று பெண்ட் கேட்டார். காவலாளி வந்து அவர்கள் வெளியே போகக் கதவைத் திறந்துவிட்டான்.

டிவோலிக்குள் குருசுமுத்து போகவில்லை. வெளியே ஒரு மர வாங்கில் இருந்தான். இங்கரும் போகாமல் அவனுடன் இருந்தார்.

அடுத்த வருடம் விஷயம் பத்திரிகைகளில் வெடித்தது. அடியில் கிடந்த விண்ணப்பங்களை வெளியே எடுத்தார்கள். கோடையில் குருசுமுத்துவுக்குப் பதில் வந்தது: மனைவி வரலாம், மகன் வரலாம், மகள் வயது கடந்தவள்.

மேரிசெலின் தொலைபேசியில் ஒரே பிடியாக நின்றாள். குமர்ப்பிள்ளையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். அவளை அனுப்பி வைத்தது யூலியானாதான். அந்த நாட்களில் ஸ்ரிபனின் வயதுப் பொடியன்களைச் சண்டைக்கு ஆள் சேர்க்கவென்று வீதியில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள். "தம்பியைக் கொண்டு போங்கோ அம்மா, நான் சின்னம்மாவோட இருப்பன்" என்றாளாம். சின்னம்மா என்றது மேரிசெலினின் தங்கை லூர்தம்மாவை.

அவர்கள் வருகிற நாளை இங்கர் எப்படியோ வட்டத்தில் சொல்லியிருந்தார். மகளின் கதையை மட்டும் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று குருசுமுத்து கேட்டிருந்ததால் அதைச் சொல்லவில்லை. கோப்பன்ஹேகன் போய் விமானத்தில் வந்து இறங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு அவன் ரயிலில் விபோர்க் வந்து சேர்ந்தபோது, நிலைய மேடையில் முழு வட்டமும் நின்றது. எல்லோர் கையிலும் டென்மார்க்கின் சிவப்பு வெள்ளைக் கொடி. கியர்ஸ்டன் விசில் ஊத, எல்லோரும் கொடியை ஆட்டினார்கள்.

மேரிசெலின் ரயில் படியில் நின்று அந்தக் கொடிகளைப் பார்த்தாள். கொழும்பிலும் அழவில்லை, விமானத்திலும் அழவில்லை என்று ஸ்ரிபன் பின்னர் சொன்னான். அங்கே, அந்தப் படியில், "என்ர பிள்ளையை விட்டிட்டு வந்திட்டனே" என்று குரலெடுத்து அழுதாள். தமிழ் தெரியாத கூட்டம் அதைச் சந்தோஷம் என்று எண்ணிக் கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கியர்ஸ்டன் முன்னுக்கு வந்து, இனி எல்லாம் சரி என்று மேரிசெலினைக் கட்டிக்கொண்டார்.

"சரி இல்லை" என்றான் குருசுமுத்து. "என்ர மகளை வர விடேல்லை. தாய் அதுக்கு அழுகிறா. தயவுசெய்து கைதட்டாதேங்கோ."

கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஏன் மகளை விடவில்லை என்று கியர்ஸ்டன் திகைத்துப்போய்க் கேட்டார்.

"அண்டைக்கு நீங்கள் பஸ்ஸுக்குள்ள இருந்தீங்களே. நான் உள்ள போய் அதைத்தான் கேட்டனான்."

கியர்ஸ்டன் மேரிசெலினின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடுவரை வந்தார். வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு கோப்பன்ஹேகனுக்கு ஓயாமல் எழுதினார். உள்ளூர் அரசியல்வாதிகளைப் பிடித்துக் கேள்வி கேட்டார். வட்டத்தில் அரசியல் வந்துவிட்டது என்று சிலர் விலகினார்கள். அவர் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. குருசுமுத்து அவரை மன்னித்தானா என்று கேட்டால், அவன் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. புதன்கிழமைகளில் மேரிசெலினுடன் நடக்கப் போவான், கியர்ஸ்டனுக்கு வணக்கம் சொல்வான், அவ்வளவுதான்.

மறுவருட ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. லூர்தம்மாவும் யூலியானாவும் வள்ளத்தில் கடல் கடந்து ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் யூலியானாவின் இரண்டு வருடம் போயிற்று. படிப்பு நின்றது. இங்கே கோப்பன்ஹேகனில், விண்ணப்பங்களை அடியில் வைக்கச் சொன்னது யார் என்று விசாரணை நடந்தது. பெரிய பெரிய ஆட்கள் வந்து, தங்களுக்கு நினைவில்லை என்று சாட்சி சொன்னதைக் குருசுமுத்து தொலைக்காட்சியில் பார்த்தான். அவனுக்கு எல்லாம் நினைவிருந்தது. 1992இல், விசேட காரணம் என்று சொல்லி, யூலியானாவுக்கு அனுமதி கொடுத்தார்கள். இருபத்தொரு வயதில் வந்தாள். தகப்பனைக் கண்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. முதல் சில கிழமை அவனை அப்பா என்று கூப்பிடவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த தையில், விசாரணை அறிக்கை வந்த நாள், அரசே பதவி விலகியது. செய்தி முடியுமுன் இங்கர் தொலைபேசியில் வந்தார். கேட்டீர்களா, போய்விட்டார்கள், நாங்கள் சொன்னதெல்லாம் சரி என்று எழுதியிருக்கிறார்கள் என்றார்.

குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த யூலியானா என்ன விஷயம் என்று கேட்டாள். தகப்பன் சொன்னான். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து கதவடியில் நின்றாள்.

"எங்களிட்ட ஆரும் ஏதும் சொன்னவையோ, அப்பா?"

"இல்லைப் பிள்ளை."

"சொல்லுவினமோ?"

அவன் அதை அப்படியே டேனிஷில், இன்னும் தொலைபேசியில் இருந்த இங்கரிடம் கேட்டான். என் மகள் கேட்கிறாள், யாராவது வந்து அவளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்வார்களா என்று.

இங்கர், தான் இப்போது அங்கே வரலாமா என்று கேட்டார்.

"வாங்கோ" என்றான் குருசுமுத்து. "ஆனால் நீங்கள் சொல்லவேண்டாம். அது நீங்கள் சொல்லவேண்டியது இல்லை."

யூலியானா திரும்பிப் போய் மீனை எடுத்தாள்.